சக்கரத்தில் ரெங்கம்மாள்

லால்குடிக்கு அருகே மண்பானை செய்யும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, களிமண் மிதிப்பதும் பிசைவதும் சூளை அடுக்குவதும் ரெங்கம்மாளின் வேலை. சக்கரத்தில் மட்டும் உட்காரக் கூடாது. பெண் தொட்டு வனைந்த பானை சூளையில் வெடித்துவிடுமாம். அவர் மிதித்த மண்ணில் வெடிக்காதது, அவர் அடுக்கிய சூளையில் வெடிக்காதது, சக்கரத்தில் கை வைத்தால் மட்டும் ஏன் வெடிக்கும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கல் சக்கரம் போய் மோட்டார் சக்கரம் வந்தது. தடையும் அதில் ஏறிக்கொண்டது.

ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய கைலாசபுரத்துப் பிலோமின்ராஜ், திருச்சியில் தேநீர்க் கடை திறந்தார். ஜப்பான் மாதிரிக் கிண்ணங்கள் கேட்டு வந்தார். ரெங்கம்மாளின் கணவர் முருகானந்தம் சக்கரத்தில் வழவழப்பாகச் செய்து கொடுத்தார்.

“ரொம்ப வட்டமா இருக்குங்க.”

“வட்டமா இருந்தா குத்தமா?”

“நான் கேக்குற கிண்ணத்த அங்க கையாலயே பிடிப்பாங்க. விரல் பதிஞ்சது தெரியணும்.”

ரெங்கம்மாள் மண் அடுப்பு பிடித்துப் பழகியவர். ஓர் உருண்டையைக் கட்டைவிரலால் குழித்துக் கிண்ணமாக்கினார். பிலோமின்ராஜுக்கு அதுதான் பிடித்தது. அவர் வந்து பார்த்தபோது ரெங்கம்மாள் உள்ளே இருந்தார். தான் செய்தது என்று சொல்லிவிட்டார் முருகானந்தம்.

ஜப்பானிலும் சில ஊர்களில் பெண்களைச் சூளைப் பக்கம் விடாத வழக்கம் இருந்தது. மூடத்தனத்துக்கு விசா தேவையில்லை.

ஒரு நாள் பிலோமின்ராஜிடமிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் கடையில் எல்லார் முன்னாலும் கிண்ணம் செய்து காட்ட வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகுதான், அந்தக் கிண்ணம் தன் கைக்கு வராது என்பது முருகானந்தத்துக்கு உறைத்தது.

“நீயும் வா. நான் பேசிக்கிறேன், நீ செய்.”

“வரேங்க. அதுக்கு முன்னாடி நான் சக்கரத்துல உக்காரணும்.”

“வெடிச்சுச்சுன்னா?”

“வெடிக்குதான்னு பாத்துருவோம்.”

முதல் பானை சரிந்து விழுந்தது.

“நான் சொல்லல?”

“உங்க மொதப் பானை நின்னுச்சாங்க?”

முருகானந்தம் தண்ணீர்ச் சட்டியைச் சக்கரத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார். “கைய இறுக்காத. தண்ணி தொட்டுக்க,” என்றார்.

நின்ற பானை காய்ந்து, மற்றவற்றோடு சூளைக்குப் போனது. பிரித்தபோது ஒன்று வெடித்திருந்தது. அது முருகானந்தம் செய்தது. ஆண் தொட்டதால்தான் வெடித்தது என்று ரெங்கம்மாள் சொல்லவில்லை. ஈரம் காயுமுன் சூளைக்கு அனுப்பி முருகானந்தம் அவசரப்பட்டிருந்தார், அவ்வளவுதான்.

திருச்சி பஸ்ஸில் ரெங்கம்மாள் கோணலான தன் பானையை மடியில் வைத்திருந்தார்.

“கடையில நீயே பேசிக்க,” என்றார் முருகானந்தம்.