முடுக்கி வைத்த வீடு

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்பார்கள். குடிக்காத கணவன், படிக்கிற இரண்டு பெண்கள், சொந்த வீடு, வீடு நிறைய மரச்சாமான். பொய் இல்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் மிச்சக் கதை தெரியும். நாற்காலியை மேசைப் பக்கம் இழுக்கப் பார்ப்பார்கள். வராது. குனிந்து பார்த்தால் நான்கு காலிலும் இரும்புப் பட்டை, பட்டைக்குக் கீழே தரையோடு போல்ட். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அந்த வீட்டு ஸ்டூல் நகராது.

எல்லாம் மாமாவின் கைவேலை. மாமா பாட்டில் தொழிற்சாலையில் மெக்கானிக். ஒரு தடவை சரியாக முடுக்காத மெஷின் ஒன்று ஓர் அங்குலம் நகர்ந்து, பக்கத்தில் நின்றவருக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து மாமாவுக்கு நகர்கிற பொருள் எதைக் கண்டாலும் ஆகாது. தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே போல்ட்டு. கல்யாணமான புதிதில் கட்டிலை முடுக்கினார். மூத்தவள் தவழத் தொடங்கியதும் மேசையை முடுக்கினார். இளையவளைப் பெற்றெடுக்க அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளில் மீதி எல்லாவற்றையும் முடித்துவிட்டார். அக்கா குழந்தையோடு வந்து பார்த்தபோது அவளுடைய தையல் மெஷின் சுவரைப் பார்த்தபடி தரையோடு முடுக்கிக் கிடந்தது. பதிமூன்று வருடம் சுவரைப் பார்த்தே பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும். தைக்கிற துணிமேல் அவள் நிழலே விழும்.

கேட்காமல் இல்லை. "ஒரே ஒரு நாற்காலியையாவது சும்மா விட்டு வைங்களேன்" என்று பல தடவை கேட்டிருக்கிறாள்.

"கொழந்த இழுத்து மேல போட்டுக்கிட்டா?" என்பார் மாமா. கேட்கும்போதே அவர் முகம் வெளுத்துவிடும். பயந்து நிற்கிற மனுஷனிடம் என்னவென்று சண்டை போடுவது? அவர் கெட்டவராக இருந்திருந்தால் நானாவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அக்கா வெளியே வர ஒரு வழி பிறந்தது. தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஒன்றாம் தேதி அங்கே வந்து நிற்காதவர்களுக்கு வேலை இல்லை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கையில் இருந்தது இருபத்திரண்டு நாள். அங்கே கம்பெனியே குடியிருக்க வீடு கொடுக்கும், அந்த வீட்டுத் தரையில் ஓட்டை போடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காகிதத்தைப் பிரதி எடுக்க நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்கு அக்காதான் வந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"அங்க போயி ஒரு நாற்காலி வாங்கப்போறேன்டி. காலைல ஒரு எடம், சாயங்காலம் ஒரு எடம். வெயிலு எங்க வருதோ அங்க இழுத்துப் போட்டுக்குவேன்."

ஆனால் மாமா ஒரு கணக்குச் சொன்னார். வீட்டை விற்றால் எல்லோரும் சேர்ந்து போகலாம். விற்காவிட்டால் அவர் பிள்ளைகளோடு முன்னால் போவார், அக்கா இருந்து விற்றுவிட்டு வரவேண்டும். அந்த வீட்டை இருந்து விற்பதென்றால் எத்தனை வருடம் இருப்பது என்று அக்காவுக்குத் தெரியும்.

சாமானோடு விற்பனை என்று விளம்பரம் கொடுத்தோம். வேறு வழி? ஒரு தம்பதி வந்தார்கள், சோபாவை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். ஒருவர் டேப்பை எடுத்து அளந்துவிட்டு, கட்டிலில் தலை வடக்கே வருகிறதே என்றார். காலி வீடாகக் கொடுத்தால் நாளைக்கே பத்திரம் என்றார் இன்னொருவர். தரகர் மாமாவைக் கெஞ்சினார். "அண்ணே, கழட்டிக் குடுத்துருங்கண்ணே. புண்ணியமாப் போவும்."

மாமா ஸ்டூலைக் கழற்றிப் பார்த்தார். போல்ட்டைச் சுற்றிக் காரையை ஊற்றி இறுக்கி வைத்திருந்தாரே, ஸ்டூலோடு நான்கு டைல்ஸ் பெயர்ந்து வந்தது. "கழட்டுறதுக்காகப் போட்டதில்ல இது" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டூலாலேயே ஒன்று போட்டிருப்பேன். மறுநாளே டைல்ஸை ஒட்டி ஸ்டூலைத் திரும்ப முடுக்கிவிட்டார்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். அந்த அம்மாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடத்துக்குள் முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இப்போது இருக்கிற வீட்டில் எதிலாவது இடித்து இரண்டு தடவை விழுந்துவிட்டார். அந்த அம்மா சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நாற்காலியைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. மேசையைத் தள்ளினார், அசையவில்லை. இரண்டாவது சுற்றை வேகமாக வந்தார். மூன்றாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நடந்து வந்தார். வந்து நின்றவர் அழுதுவிட்டார்.

"இதுதாங்க. இந்த வீடுதான்" என்றார் புருஷனிடம். மாமாவுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்றார்.

வெண்ணெய் திரண்டுவருகிற நேரம். வாத்தியார் மெல்ல இழுத்தார். "ஒரே ஒரு விஷயம். நாளைக்கே இவளால தனியாப் பழகிக்க முடியாது. சுவிட்சு, குழா, அடுப்பு எல்லாம் தெரிஞ்ச கை ஒண்ணு கூட இருக்கணும். எம்பொண்ணு வெளியூர்ல இருந்து வர ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் இந்தம்மா இங்க எங்களோட இருந்தா..." அவர் பார்த்தது அக்காவை.

"நான் இருக்கேன்" என்று முந்திக்கொண்டு எழுந்தேன். எழுந்த வேகத்தில் முழங்கால் ஸ்டூலில் 'ணங்'கென்று இடித்தது. பதினெட்டு வருடமாகப் போய்வருகிற வீடு. சத்தம் கேட்டு அந்த அம்மா சிரித்துவிட்டார். என்னை அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

"ரெண்டு மாசந்தானே?" என்றார் மாமா. "பிள்ளைங்கள நான் பாத்துக்குறேன். நீ பின்னால வந்துரு." அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். "முடியாதுன்னு சொல்லுக்கா."

"சொன்னா? இவங்க போயிருவாங்க. வேற யாரு வருவா? நான் இங்கயே கெடப்பேன்." குழாயைத் திறந்து மூடினாள். "இல்லன்னா ரெண்டு மாசம். ரெண்டு மாசம்னு ஒரு கணக்காவது இருக்குல்ல."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். வீடு அக்கா, மாமா இருவர் பெயரிலும் இருந்தது. பத்திர அலுவலகத்தில் அதிகாரி அக்காவிடம் தனியாகக் கேட்டார். "உங்களுக்கு முழுச் சம்மதந்தானேம்மா?" அந்த அம்மா அப்போதே அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். "சம்மதம்" என்றாள்.

முப்பதாம் தேதி காலை மாமா பிள்ளைகளோடு கிளம்பினார். இளையவள் அக்கா முந்தானையை விடவில்லை, பிரித்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. மாமா கடைசியாக ஒரு சுற்று உள்ளே போய் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாம் கெட்டியா இருக்கு, பயப்படாத" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமா போன பத்தொன்பதாம் நாள் மத்தியானம் அக்காவைப் பார்க்கப் போனேன். அந்த அம்மா வீட்டுக்குள் என்னைவிட வேகமாக நடந்தார். தானே தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வைக்கப் போன வழியில் அக்காமேல் மோதிக்கொண்டார். அக்கா ஜன்னலோரமாக, என்னோடு பேசிக்கொண்டு, சும்மா நின்றிருந்தாள்.

"தப்பா நெனைக்காதம்மா" என்றார் அந்த அம்மா, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. குரலில் அவ்வளவு பிரியம். "இந்த வீட்ல எனக்கு எல்லாமே பழகிருச்சு. நீ ஒருத்திதான் நேரத்துக்கு ஒரு எடத்துல இருக்கிற. எங்க நிக்கிறேன்னே தெரியல. ஒரே எடமா உக்காந்துக்கிட்டா நல்லாருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லு என்று நான் கண்ணாலேயே கேட்டேன். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னால் அவளுடைய இரண்டு மாதத்துக்கு வினை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா பின்னாலேயே வந்து அவள் தோளைத் தொட்டார், தலையைத் தொட்டார், நாற்காலிக் கையைத் தடவிப் பார்த்தார்.

"ஆங், இப்பத் தெரியுது" என்றார்.

நான் அங்கே இருந்தவரைக்கும் அவர் நான்கு தடவை அந்தப் பக்கமாகப் போய் வந்தார். ஒரு தடவைகூட இடித்துக்கொள்ளவில்லை.