கோட்டுப் பைக்குள் போன கை

இரண்டு வருடங்களுக்கு முன், இலைகள் கொட்டத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை பிற்பகல். கனடாவின் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் உள்ள ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் இது நடந்தது. கடைக்கு வந்த பலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது இதை வாசிக்கவும் கூடும்.

நான் மார்க்கம் நகரில் ஒரு நிறுவனத்தில் மருத்துவக் கருவிகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். ஒரு கருவி எந்தெந்த வழிகளில் பழுதாகலாம் என்று முன்கூட்டியே யோசித்து வரிசைப்படுத்துவதுதான் என் தொழில். அலுவலக நண்பர்கள் சிலர் மாதத்தில் ஒரு முறை உள்ளரங்கச் சுடுதளம் ஒன்றுக்குப் போவார்கள். அங்கே நிஜத் துப்பாக்கி கிடையாது. மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் உருண்டைகளைத் தள்ளும் மாதிரித் துப்பாக்கிகள்தான். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு காகித இலக்கைப் பார்த்துச் சுட வேண்டும். ஒரு நாள் அவர்கள் கூப்பிட்டதை மறுக்க முடியாமல் போனேன். மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்தும்போது, வாரம் முழுக்க இரைந்துகொண்டிருந்த தலை அமைதியானது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

இரவல் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. பிடியும் வேறு, விசையின் இறுக்கமும் வேறு. சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தேன். வழக்கம்போல ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். ஸ்பிரிங் வகை மலிவு, பழுதாவதற்கு உள்ளே அதிகம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மேற்பகுதியைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும், அதற்குள் குறி கலைந்துவிடும். பற்றரியில் இயங்குவதில் விசையை அழுத்திய பிறகு ஒரு சிறு தாமதம் இருந்தது. வாயுவில் இயங்குவதுதான் சரியென்று பட்டது. அதிலும் சிறு குப்பி போடுகிற வகை வலுவானது, ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைச் சீக்கிரம் தேய்த்துவிடும். வாயுவை நிரப்பிக்கொள்ளும் வகை குளிரில் சோர்ந்துபோகும். நான் சுடப்போவது சூடாக்கப்பட்ட அரங்கத்தில் என்பதால் நிரப்பும் வகையைத் தேர்ந்தேன்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல் கொண்டது. அது பொய் என்று யாருக்கும் தூரத்திலிருந்தே தெரியும். மற்றது இராணுவ அதிகாரிகள் இடுப்பில் வைத்திருக்கும் பிஸ்டலை அப்படியே அச்செடுத்தாற்போல் இருந்தது. கறுப்பு, மேற்பகுதி உலோகம். நான் இடது கைக்காரி. அதன் பாதுகாப்புப் பூட்டை இரண்டு கையாலும் இயக்கலாம். உதிரிப் பாகங்களும் எங்கும் கிடைக்கும். ‘நிஜத்துக்கு எவ்வளவு கிட்ட’ என்று என் ஒப்பீட்டுப் பட்டியலில் இருந்த ஒரு வரிக்கும் புள்ளி போட்டிருந்தேன். அதில் முழுப் புள்ளி பெற்றது இராணுவ மாதிரிதான். பிக்கரிங் பக்கத்துக் கடையில் அதை எடுத்துக் கொடுத்தவர், பொது இடத்தில் பெட்டியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

என் கார் திருத்தத்தில் இருந்ததால் அன்று அப்பாதான் ஓட்டி வந்திருந்தார். திரும்பும் வழியெல்லாம் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டே வந்தார்.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ என்னெண்டா கிரெடிட் கார்ட் குடுத்து வாங்குறாய்.”

“அப்பா, இது விளையாட்டுச் சாமான்.”

“உதை வச்சிருக்கிறவங்கள் எல்லாரும் முதல்ல உப்பிடித்தான் சொல்லுறவங்கள்.”

இரண்டு பேரும் சிரித்தோம். பலசரக்குக் கடையின் முன்னால் காரை நிறுத்தியதும் அப்பா பின்சீற்றுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்க, ஒருக்காக் காட்டு பாப்பம்.”

உள்ளே உருண்டையும் இல்லை, வாயுவும் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை ஸ்டியரிங்குக்கு மேலே வெளிச்சத்தில் பிடித்து அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு பாரமோ? நான் உதின்ர முன்பக்கத்தைத்தான் கனதரம் பாத்திருக்கிறன், பிள்ளை. பின்பக்கத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

அப்போதும் அவர் சிரித்தார். நான்தான் சட்டென்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அதற்குள் எதிர் வரிசையில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துப் பொலிசை அழைத்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவரிடம் ஒரு பிழையும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அழைத்திருப்பேன்.

முருங்கைக்காயும் தக்காளியும் கறித்தூளும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அப்பா காரின் கதவுப் பிடியில் கை வைத்தபோதுதான் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் பொலிஸ் கார்கள். திறந்த கதவுகளுக்குப் பின்னால் நின்றவர்களின் கைகளில் நிஜத் துப்பாக்கிகள், எங்களை நோக்கி. அசையாதே, கைகளைக் காட்டு என்று ஆங்கிலத்தில் ஒரே நேரத்தில் பல குரல்கள். என் கைகள் தாமாகவே மேலே போயின. பள்ளிக்கூடம் தொடங்கி இந்த நாட்டில் வளர்ந்த எனக்கு அது இயல்பாக வந்தது.

அப்பா பையைக் கீழே விட்டார். தலையைக் குனிந்தார். அவருடைய வலது கை கோட்டின் உள்பைக்குள் போகத் தொடங்கியது.

அவர் அவசரப்படவில்லை. நிதானமாக, மரியாதையாக, பல தரம் செய்து பழகிய ஒரு வேலையைச் செய்வதுபோல அந்தக் கை போனது. பொலிஸ்காரர்களின் குரல்கள் உடைந்து இன்னும் உரத்து ஒலித்தன. அவர் என்ன எடுக்கப் போகிறார் என்றே எனக்கு விளங்கவில்லை.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் தமிழில் வெடித்தது.

“அண்ணை! ஐசி, அடையாள அட்டை ஒண்டும் எடுக்காதேங்கோ! இது அங்கை இல்லை! கையை வெளியில விடுங்கோ அண்ணை, ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ!”

அப்பாவின் கை நின்றது. இங்கே எப்படி வந்தோம் என்று யோசிப்பவர்போல நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெறுங்கையாக, மெல்ல, அது வெளியே வந்து மேலே உயர்ந்தது.

எங்களை முழங்காலில் இருத்தி விலங்கு போட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பற்றுச்சீட்டைப் பார்த்தார்கள். அப்பாவின் கோட்டுப் பைக்குள் இருந்ததையும் எடுத்தார்கள். ஓட்டுநர் அனுமதிப்பத்திரமும் சுகாதார அட்டையும், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். அவ்வளவுதான். விலங்கைக் கழற்றிய பொலிஸ்காரர் என் வயதுக்காரராக இருக்கலாம். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. பெட்டிக்குள் இருப்பது பொய்யென்று தங்களுக்குத் தெரியாது, கோட்டுக்குள் என்ன இருக்கிறதென்றும் தெரியாது, அந்தக் கை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் தாங்கள் காத்திருந்திருக்க மாட்டோம் என்று சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் காதில் நிற்கிறது.

கத்திய பெண் தள்ளுவண்டியோடு அங்கேயே நின்றார். ஐம்பது வயது இருக்கும். பொலிஸ்காரர்கள் விலகியதும் வந்து, கீழே உருண்ட தக்காளிகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். அப்பாவைக் கடை வாசல் படியில் இருத்தித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

“குடியுங்கோ அண்ணை.”

“அவை ஐசி கேக்கேல்லை, என்ன?” என்றார் அப்பா. ஒரு குழந்தை கேட்பதுபோல.

“இல்லை அண்ணை. கேட்டாலும் இஞ்சை நாங்களா எடுக்கக் கூடாது.”

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கும் கை அப்பிடிப் போறது, பிள்ளை. ஒருக்கா ஹைவேயில பொலிஸ் மறிச்சது. கேக்க முதலே கை தன்ர பாட்டில ஹான்ட்பாக்குக்குள்ள போயிட்டுது. அவன் சத்தம் போட்டபிறகுதான் எங்கை நிக்கிறன் எண்டு விளங்கினது. அதுக்குப் பிறகு ஸ்டியரிங்கில கையை வச்சுக்கொண்டு இருக்கப் பழகுறன். ஐசியைக் காட்டினாத்தான் உயிர் எண்டு பழகின கை, லேசில மறக்காது.”

அப்பா ஓம் என்று தலையாட்டினார். ஊரில் எவடம் என்று விசாரித்தார். அவர் மட்டக்களப்புப் பக்கம் என்றார், நாங்கள் யாழ்ப்பாணம் என்றோம். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐஸ்கிறீம் கரைகிறது என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

குப்பை போட வாசலுக்குப் போனாலும் அப்பா அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் போவார். சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒழுங்கான மனிதர், எதையும் கவனமாக வைத்திருப்பவர் என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இலங்கையில் இராணுவச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிய காலத்தைப் பற்றி அவர் சொன்ன கதைகள் எல்லாம் பகிடிக் கதைகளாகவே இருந்தன. நானும் சிரித்துவிட்டு விட்டிருந்தேன்.

அந்தத் துப்பாக்கியை அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்தேன். சுடுதளத்துக்கு இப்போதும் போகிறேன், அங்கே இருப்பதை இரவல் வாங்கிச் சுடுகிறேன். அப்பாவோடு காரில் போகும்போது பின்னால் சைரன் கேட்டால், காரை ஓரமாக நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்கிறோம். சில தடவை அவருடைய வலது கை நெஞ்சுப்பக்கம் புறப்படும். நான் அதைப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொள்வேன்.

ஒரே வீட்டில் வளர்ந்தும் நான் அறியாத என் அப்பாவை, சாமான் வாங்க வந்த ஒரு பெண் ஒரு நொடியில் அறிந்துகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம், கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவரை அந்நியர் என்று நினைக்க என் மனம் இப்போது ஒப்புவதில்லை.