இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ரெஜினா

ரெஜினா இறந்துவிட்டாள் என்று தொலைபேசியில் சொன்னவர் அவளுடைய அண்ணன். அவளுக்கு நோய் முற்றியபோது உடனிருக்கப் பிரான்சிலிருந்து வந்திருந்தார். செய்தியைச் சொன்ன கையோடு, "அவ வீட்டுக்காரர் முழுப் பேரு என்னம்மா? ஏழாம் நாள் பூசைக்கு அட்டை அடிக்கணும்" என்றும் கேட்டார். அந்த வீட்டுக்காரரை விட்டு அவள் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

அடக்கத்தன்று கல்லறை வாசலில் நம் பழைய அலுவலகத்தார் பலர் நின்றிருந்தீர்கள். "வேலை சுத்தந்தான், ஆனா அடங்கவே மாட்டா" என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், அடங்கவில்லை. எதற்கு அடங்கவில்லை என்பதை மறந்துவிட்டீர்கள்.

அவளும் நானும் ஒரே மாதத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். மீனவக் குடும்பங்களுக்கு அடையாள அட்டை தருவதற்கான பட்டியல் ஒருமுறை நம்மிடம் வந்தது. ஒவ்வொரு வரியிலும் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், ஊர், வயது, நடுநடுவே காற்புள்ளி. வரிகளை வெட்டித் தனித்தனிக் கட்டங்களில் போடும் கணினி நிரலை நான் எழுதினேன். தட்டச்சு செய்தவர்கள் அவசரத்தில் சில இடங்களில் காற்புள்ளியை இரண்டு முறை தட்டியிருந்தார்கள். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து, எங்கே வெட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் காற்புள்ளியை அடுத்து ஒரு கூட்டல் குறி போட்டேன். காற்புள்ளிகள் எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே வெட்டாக வெட்டு என்று அதற்கு அர்த்தம்.

வெட்டியது. வீராம்பட்டினத்துச் செல்லம்மா தன் படிவத்தில் கணவர் பெயரை எழுதவே இல்லை. அதனால்தான் அவர் வரியில் இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து நின்றன. என் கூட்டல் குறி அந்தக் காலி இடத்தை விழுங்கிவிட்டது. திரையில் கணவர் பெயர் வீராம்பட்டினம் என்றும் ஊர் 52 என்றும் வந்து நின்றது. "ஊரையே கட்டிக்கிட்டா போல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ரெஜினா சிரிக்கவில்லை. "அந்தம்மா அட்டை வாங்கப் போயி நிக்கும்போதும் இப்படித்தான் சிரிப்பானுங்க. காலியா இருக்கறதும் ஒரு தகவல்தான்டி. அத நீ எப்படித் தூக்கிப் போடுவ?" என்றாள்.

மேலாளர் வந்தார். பட்டியல் அன்றைக்கே போக வேண்டுமாம். "இந்த மாதிரி வரியெல்லாம் எடுத்துடும்மா. நாலு பேரு இல்லன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் வீட்டுப் பெரியவர்கள் பேசிய பிரெஞ்சில் அவளிடம் மிஞ்சியிருந்தது "நோன்" என்ற ஒரே சொல்தான். அதைச் சொன்னாள். அவர் விழிக்கவே, தமிழிலும் சொன்னாள். "முடியாது சார். அந்த நாலு பேருக்குத் தெரியும்."

கூட்டல் குறியை அவளே எடுத்தாள். வரிக்கு மூன்று காற்புள்ளிதானா என்று எண்ணச் சொல்லி, பெரும்பாலான வரிகளை நிரலிலேயே பிரித்தாள். எண்ணிக்கை ஏமாற்றிய வரிகளுக்காக மூன்று நாள் காகிதப் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பட்டியல் தாமதமாகப் போனது. ஆனால் செல்லம்மா அதில் செல்லம்மாவாகவே போனார்.

தாமதத்துக்கு ரெஜினாதான் காரணம் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். தப்பு என்னுடையது என்று நான் வாய் திறக்கவில்லை. அவளுக்கு வரவேண்டிய குழுத் தலைவர் பதவியை எனக்குக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அந்தக் கூட்டல் குறியைப் போட்டது நான்தான் என்று உங்களில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் அவள் வேலையை விட்டாள். கிளம்பும்போது, "ஒன்ன என்னா சொல்லப் போறேன்? அந்தக் கூட்டல மட்டும் திரும்பப் போட்டுடாத" என்றாள். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் குருசுக்குப்பத்து வீட்டுக்குக் கூப்பிட்டு மீன்குழம்பு ஊற்றினாள்.

அட்டை அடிக்க அண்ணனோடு நானும் அச்சகத்துக்குப் போனேன். வழியெல்லாம் அவர், "பொம்பளைக்குப் பக்கத்துல ஒரு பேரு இல்லன்னா ஊரு என்னம்மா சொல்லும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "என்னா வேணா சொல்லட்டும்ண்ணே. அது அவளே காலியா வெச்ச எடம்" என்றேன்.

அச்சகக்காரர் திரையைக் காட்டினார். மேலே ரெஜினா, கீழே குருசுக்குப்பம், நடுவில் கணவர் பெயருக்கான வரி வெறுமையாக இருந்தது. "இங்க சும்மா கெடக்கே மேடம், மேல ஏத்தி ஒட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். அன்றைக்கு மேலாளர் முன்னால் அவளோடு சேர்ந்து நானும் சொல்லியிருக்க வேண்டியது. அச்சகத்தில் சொன்னேன்.

"நோன்."