“எதுக்கு?” என்று கேட்டவர்

வீட்டுக் குழாயில் குடம் நிறைந்துகொண்டிருந்தபோது ரஹ்மத் பீவி அம்மாவின் மகன் வாசலில் வந்து நின்றார். “அம்மா மவுத்தாயிட்டாங்க” என்றார். அவர் இறந்துவிட்டார் என்பது உறைத்து, குடம் வழிந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடிய பிறகுதான் குழாயை மூடினேன்.

ரஹ்மத் அம்மா உப்பளம் பேட்டையில் எங்கள் தெருமுனையில் வளையல் கடை வைத்திருந்தவர். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: யார் நல்லது செய்ய வந்தாலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். “எதுக்கு?” என்பார்.

எழுபதுகளில், என்னைப் பெற்ற அம்மா இறந்த மறு வருஷமே மில் தொழிலாளியான அப்பாவும் போய்விட்டார். எனக்குப் பதினான்கு வயது. எனக்குக் கீழே தங்கையும் தம்பியும். தெருக்குழாயில் எங்கள் குடத்தைக் காலால் தள்ளிவிடுவார்கள். “பெரியவங்க இல்லாத வூட்டுக்கு இவ்ளோ தண்ணி எதுக்குடி?” என்றாள் ஒருத்தி. “பெரியவங்க இல்லன்னா அழுக்கும் இல்லாம பூடுமா?” என்று கேட்டபடி ரஹ்மத் அம்மா குடத்தை மறுபடி வரிசையில் வைத்தார். அன்றிலிருந்து தினமும் வந்து நின்றார். இவர் எதற்கு நிற்கிறார் என்று எனக்கும் சந்தேகம்தான்.

கக்கூஸ் கிடையாது, வாய்க்கால் ஓரத்துக்குப் போவோம். தங்கைக்கு நான் காவல், எனக்கு யாருமில்லை. பின்வீட்டு மரக்கடைக்காரர் எங்கள் தோட்டத்தில் கக்கூஸ் கட்டித் தருவதாகச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவர் எழும்பியதும் ரஹ்மத் அம்மா வந்து சுற்றிப் பார்த்தார்.

“கதவு எதுக்கு உங்க வூட்டுப் பக்கம் தொறக்குது?”

“நல்லது செய்ய வந்தா சந்தேகப்படுறீங்களே!” என்றார் மரக்கடைக்காரர்.

“ஆமா, படுறேன். இன்னிக்குக் கதவு, நாளைக்கு வேலி. அப்புறம் புள்ளைங்களுக்கு மனை எங்க இருக்கும்? இந்தப் பக்கம் வைங்க.”

வேலை நின்றது. கட்டுகிறவரையும் விரட்டிவிட்டாரே என்று அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அவரோ தெருவில் நாலு பேர் முன்னால் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர் வாய்க்குப் பயந்து ஒருவழியாகக் கதவு எங்கள் பக்கம் வந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். பின்னர் குழாய் இணைப்புக்காக என்னோடு நகராட்சிக்கு அலைந்தவரும் அவரே. என் பெயரில்தான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார்.

அந்தக் குழாயில் நிறைந்த குடத்தைத்தான், அவரைக் குளிப்பாட்டுவதற்கென்று இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு வாசலில் நின்ற மரக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தபடி, “குடும்மா, நான் உள்ள குடுத்துடறேன்” என்று கை நீட்டினார்.

“எதுக்கு?” என்றேன்.

என் வாயால் கேட்டது நீங்கள்தான், அம்மா. நிம்மதியாகப் போய் வாருங்கள். மனையையும் கதவையும் இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.