டிரசர் களிம்பும் கால்வாய்க்கரைச் சீமையகத்தியும்

மலாயாவில் லூனாஸுக்கு அருகிலிருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தர்மலிங்கம் டிரசராக, டாக்டருக்குப் பதில் மருந்து கொடுப்பவராக, இருந்தார். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, சட்டைப் பையில் வெப்பமானி. அந்த வெப்பமானி யார் வாய்க்குள்ளும் போய் ஆயா அழகம்மா பார்த்ததில்லை. புண் கழுவுவது, கட்டுப்போடுவது, மலச்சட்டி எடுப்பது எல்லாம் அவள் வேலை. கையெழுத்துப் போடுவது டிரசர் வேலை.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலத்தின் மூன்றாம் வருஷம், நாலு கூலிலயத்து ஜனங்களை ஒரே முள்கம்பி வேலிக்குள் அடைத்தார்கள். இருந்தது ஒரே குழாய். ஒரு மாதத்தில் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் எல்லாருக்கும் படை. ஆஸ்பத்திரிக் களிம்பு ஐந்தே நாளில் தீர்ந்தது.

வேலிக்குள் ஓடிய கால்வாயின் ஈரக்கரையில் சீமையகத்தி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் தானாக முளைக்கிற செடி. பெரிய இலைகள் சோடி சோடியாக நிற்கும். பொழுது சாய்ந்தால் மடிந்துகொள்ளும். கிளை நுனியில் மஞ்சள் பூக்கள் ஏற்றிவைத்த மெழுகுவத்தி போல நிமிர்ந்திருக்கும். அழகம்மா இலையை உப்பு வைத்து அரைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினாள்.

"சாக்கடைப் புல்ல அரைச்சுப் பூசுறியே, நீ ஆயாவா, மாடு மேய்க்கிறவளா?" என்றார் டிரசர்.

இரண்டு வாரத்தில் படை காய்ந்தது. விசாரிக்க வந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடம், "நானே தயாரிச்ச களிம்பு, துவான்" என்றார் அதே வாய். துரை கைகுலுக்கினார். அன்றே டிரசர் களிம்பு டின்களில் 'டிரசர் களிம்பு' என்று சீட்டு ஒட்டிக் கீழே கையெழுத்தும் போட்டார். மலச்சட்டியோடு வாசலில் நின்ற அழகம்மாவுக்கு, கையிலிருந்ததே சுத்தமாகத் தோன்றியது.

சோறோ மருந்தோ வேலிக்கு வெளியே போகக்கூடாது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். மீறினால் சிறை. அழகம்மாவுக்கு அது அரைத்த இலைதானே! வெளியே ஈரத்தில் புல்வெட்டி மறுபடி படை வந்த பெண்களுக்கு வேலையிடத்திலேயே தடவலாமென்று ஒரு நாள் காலையில் ஒரு டின்னை மடியில் செருகிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். சோதனை போடுகிறவள் அதை உருவி எடுத்தாள். மேலே ஆஸ்பத்திரிச் சீட்டு.

"மருந்து! யாருக்குக் கொண்டுபோறே?" என்று கேட்டில் நின்ற போலீஸ் சார்ஜன் அவள் கையைப் பிடித்தார். டிரசருக்கு ஆள் போயிற்று. பின்னாலேயே துரையும் வந்தார்.

"இது உன் மருந்தா?" என்று டிரசரைக் கேட்டார் சார்ஜன்.

டிரசரின் முகம் வெளுத்தது. "ஐயோ, மருந்தே இல்ல, துவான்! சாக்கடைச் செடி. இந்த ஆயா அரைச்சது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்போ இந்தக் கையெழுத்து?" என்று சீட்டைக் காட்டினார் துரை.

டிரசர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவருக்கு அது மட்டுந்தான் வரும், துவான்" என்றாள் அழகம்மா. வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

சார்ஜன் சிரிக்கவில்லை, அவளை லாரியில் ஏறச் சொன்னார். அப்போது மலாய்க் காவலர் ஒருவர் டின்னை வாங்கி முகர்ந்தார். "கெலெங்காங் லா!" என்று செடியின் மலாய்ப் பெயரைச் சொன்னார். தம் அம்மாவும் படைக்கு இதைத்தான் அரைப்பார், வேலிக்கு வெளியேயும் இது எங்கும் முளைக்கும் என்று மலாயில் விளக்கி, கால்வாய்க்கரை மஞ்சள் பூவைக் கைகாட்டினார். சார்ஜன் செடியைப் பார்த்தார், டிரசரைப் பார்த்தார், அழகம்மாவின் கையை விட்டார். துரை சீட்டைக் கிழித்துப்போட்டார்.

அடுத்த மாதம் டிரசரின் காலுறைக்குள்ளேயே படை வந்தது. சொறிந்துகொண்டே வந்தார்.

"அழகம்மா, அந்தக் களிம்பு கொஞ்சம் இருக்குமா?"

"மருந்தே இல்லன்னீங்களே, டிரசரய்யா. செடி கால்வாய்க்கரையிலதான் நிக்கிது. பறிச்சு அரைச்சுக்குங்க."

இறங்கிப் போனார். சேறு அப்பிய காலுறையோடு ஒரு பிடி இலை கொண்டுவந்தார். பார்த்தால், சேப்பங்கிழங்கு இலை. பூசினால் அரிப்பு இரட்டிக்கும். அழகம்மா அதைத் தட்டிவிட்டுத் தானே போய்ச் சரியான இலையைப் பறித்துவந்து, அம்மிக்குழவியை அவர் கையில் கொடுத்தாள்.

"அரைங்க. இன்னிக்காவது உங்க களிம்பா இருக்கட்டும்."