தோற்றாலும் பரவாயில்லை

தில்லியில் ஒரு திட்டம் இருக்கிறது. ராணுவத்துக்கு என்றாவது பயன்படலாம், பயன்படாமலும் போகலாம் என்கிற ஆராய்ச்சிகளாகப் பார்த்துப் பணம் கொடுப்பார்கள். பத்தில் ஒன்பது தோற்றாலும் பரவாயில்லை, ஒன்று தேறினால் போதும் என்பது அவர்கள் கொள்கை. முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் வலை கிழிந்து வந்தாலே ஒரு வாரத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தோற்பதற்கு முன்பணம் கொடுக்கிற இடமும் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன்.

நான் பழவேற்காட்டு ஏரிக்குள் ஒரு தீவுக் குப்பத்தில் பிறந்தவள். படகில் கரைக்கு வந்து, பஸ் பிடித்துப் பொன்னேரிக் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்தேன். பிறகு சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளர் வேலை கிடைத்தது. திட்டம் இருக்கும்வரை சம்பளம், அவ்வளவுதான். எங்கள் பேராசிரியருக்கு அந்தத் தில்லிப் பணம் கிடைத்திருந்தது. ஆழமில்லாத தண்ணீரில் எவனாவது திருட்டுத்தனமாக நீந்தி வந்தால் அவன் சத்தத்தைக் கேட்டுப் பிடிக்கிற கருவி செய்ய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட தண்ணீரில் விரல் நீளம்கூட இல்லாத ஒருவகை இறால், இடுக்கியைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது. காதுக்கருவியை உள்ளே இறக்கினால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஓயாத சத்தம். அதற்கு நடுவில் ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி.

"அந்த மாதிரித் தண்ணி எங்க கிடைக்கும்?" என்று சார் கேட்டார். எங்கள் ஏரி என்றேன். அவருக்குத் தேவைப்பட்ட இடம் முகத்துவாரத்தை ஒட்டி, எங்கள் குப்பத்தின் பாட்டுத்துறைக்குள் வந்தது.

பாடு என்றால் முறை. இறால் நுழைகிற நல்ல துறைகளில் எல்லோரும் ஒரே நாளில் கழி நட்டு வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டுப் போடும். இன்று இந்தத் துறை உனக்கு, நாளை எனக்கு. கல்யாணம் ஆன ஆண்பிள்ளைக்குத்தான் சீட்டில் பெயர். என் தம்பிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அதுவரை அடுத்தவன் படகில் கடலுக்குக் கூலியாகப் போய்க்கொண்டிருந்தவன், இந்தத் தடவை சீட்டில் என் பெயர் வரும், இனி நானும் ஒரு ஆள் என்று சொல்லிச் சொல்லி வீட்டையே குடைந்துகொண்டிருந்தான்.

சாரை ஊர்க்கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஊர்த்தலைவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"வெளியாளுக்குத் தண்ணி குடுக்கிற வயக்கம் இங்க இல்லம்மா. யார் பாட்டுலயாவதுதான் எறங்கணும். யார் பாட்டுல எறங்கறாரு உங்க சாரு?"

தம்பி எழுந்தான். "எம் பாட்டுல எறங்கட்டும். எங்க அக்கா வேல அது. ஒரு வருசந்தான, பாத்துக்கலாம்."

அப்படியாக எங்கள் ஊர்ச் சீட்டில் முதல்தடவையாக, காதுக்கருவி வைத்த இரும்புப் பெட்டி ஒன்றுக்குப் பாடு விழுந்தது. ஊர்க்காரர்கள் அதை "அக்கா பொட்டி" என்றார்கள். தினம் எடுத்து எடுத்து வைக்க முடியாது என்பதால் ஊர் அந்தத் துறையையே அதற்கென்று விட்டுக்கொடுத்தது, ஒருவனும் அந்தப் பக்கம் கழி நடவில்லை. தம்பியைச் சார் படகோட்டியாக வைத்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து முக்குளிக்கும் ஆட்கள் வந்தார்கள். முதுகில் காற்று உருளையோடு இறங்கி, பெட்டியைச் சுற்றிச் சுற்றி நீந்தினார்கள். பெட்டிக்கு இறால் மட்டும்தான் கேட்டது. நிரலை மாற்றினோம், இறால் கேட்டது. பெட்டியை மாற்றினோம், அப்போதும் இறால்தான். சார் முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை. தோல்வியும் ஒரு முடிவுதான் என்பார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் தோற்றுக்கொண்டிருந்தது என் தம்பியின் தண்ணீரில்.

ஒருநாள் படகில் திரும்பும்போது தம்பி கேட்டான். "தோத்தா பரவால்லன்னுதான் அவருக்குத் துட்டு குடுக்கறாங்களா? சோக்காத்தான் கீது. அக்கா, அந்த ஆபீசு நமக்கு எங்கனா கீதா?"

வருடம் முடிவதற்குள் தில்லியிலிருந்து திட்டத்தை முடித்துவைத்துவிட்டார்கள். சார் வேறொரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். பெட்டியும் அதன் சிமெண்டுக் கட்டைகளும் கேபிளும் தண்ணீரிலேயே கிடந்தன. பாதுகாப்புத் துறைச் சொத்து, ஒப்படைக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்றது ஓர் அலுவலகம். முடிந்த திட்டத்துக்கு ஒப்படைப்பு எங்கள் வேலை இல்லை என்றது இன்னொன்று. நான் போன் செய்து செய்து அலுத்தேன். அதற்குள் அடுத்த பாட்டுக்குச் சீட்டுப் போட்டார்கள். தம்பி பெயர் வந்தது, விழுந்ததும் அதே துறைதான். முதல் முறைக்காகப் புது வலை கோத்து வைத்திருந்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உன் முறை வந்தபிறகும் முந்தினவன் கழி தண்ணீரில் நின்றால் சண்டை போடக்கூடாது. பிடுங்கிக் கொண்டுபோய்க் கரையில் பத்திரமாக அடுக்கிவைத்து, அவனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அதைத்தான் தம்பி செய்தான். காலையில் இறங்கினான். மூழ்கி மூழ்கிக் கேபிளை அறுத்து, பெட்டியை மேலே தூக்கி, சேறு கழுவி, தார்ப்பாயில் சுற்றி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, உம் பொட்டிய கரையில வெச்சிட்டேன். ஒரு கீறல்கூட இல்ல. வந்து எடுத்துனு போ."

அறுத்தாயா என்று கேட்டேன். "பின்ன இன்னா, கடிச்சா எடுப்பாங்க?" என்று சிரித்தான். கேபிள் அறுந்தால் கரையிலிருந்த கருவி தானாகச் செய்தி அனுப்பும். அந்தத் தகவல் அதற்குள் ஆய்வுக்கூடப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போய்விட்டது. தொலைந்தாலும் சேதமானாலும் உடனே புகார் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவர் விதிப்படி கொடுத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் பெட்டியையும் தம்பியையும் படகில் இக்கரைக்குக் கொண்டுவந்து ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. கூடவே வந்த அவன் மனைவி கரையில் நின்று, "அது இவுரு பாடு சாரு, இவுரு பாடு" என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்கு அவர்களுடைய சட்டத்தில் இடம் கிடையாது.

ஜாமீனில் எடுத்தோம். பெட்டியைப் பரிசோதிக்க ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பினார்கள். அதைத் திறந்தவள் நான்தான். பேட்டரி உயிரோடு இருந்தது. பக்கத்தில் ஏதாவது அசைந்தால் விழித்துக்கொண்டு பதிவு செய்வதுபோல் அமைத்திருந்தோம். காதில் மாட்டிக் கேட்டேன். கடுகுச் சத்தம் ஏறக்குறைய இல்லை. கேபிளில் கத்தி உரசுகிறது. குமிழி விட்டு விட்டுக் கிளம்புகிறது. மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சின்ன வயதிலிருந்தே அவன் பழக்கம். அவன் மேலே போகிறான், திரும்ப வருகிறான், திரும்பவும் உரசல். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து பெட்டி கேட்ட ஒரே மனிதன் அவன்.

அந்த வாரம் நல்ல மழை, ஏரியில் நன்னீர் ஏறி உப்புக் குறைந்திருந்தது, அதனால்தான் இறால் அடங்கியிருக்கும் என்று சாரிடம் சொன்னேன். "அதை அடுத்த கட்டத்தில் ஆராய்வோம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மனிதர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

தில்லியிலிருந்து குழு வந்தது. குளிரூட்டிய அறையில் பெரிய ஒலிபெருக்கியில் அதைப் போட்டுக் காட்டினோம். 'ஊடுருவல் நபர்' என்று திரையில் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் தம்பி மூச்சு விட்டதற்குக் கைதட்டினார்கள். எனக்கு எதையாவது எடுத்து அடிக்க வேண்டும்போல் இருந்தது. திட்டத்துக்கு மறுபடி பணம் வந்தது. என் வேலையும் நீண்டது.

சார் அறைக்குப் போய்க் கேட்டேன். "அது அவன் இடம் சார். ஊர் கொடுத்த இடம், அவன் கொடுத்துத்தான் நாம் இறங்கினோம். அவனுக்கு அனுமதி இருந்தது என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் வழக்கு நிற்காது."

அவர் கனிவாகத்தான் சொன்னார். "அனுமதியோட வந்தவன்னா அவன் ஊடுருவல் ஆள் இல்லம்மா. அப்புறம் நம்மகிட்ட முடிவுன்னு என்ன இருக்கு?"

திட்டம் பிழைக்க அவன் திருடனாகவே இருக்க வேண்டும். அன்றே ராஜினாமா செய்யலாம் என்று எழுந்தேன். தம்பியின் வக்கீலுக்குப் போவது என் சம்பளம். அது வருவது அந்தத் திட்டத்திலிருந்து. உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் அடுத்த சீட்டுப் போட்டார்கள். கோர்ட்டில் வழக்கு உள்ளவன் பெயர் சீட்டில் வராது, அது பழைய கட்டுப்பாடு. "பைசலாயிட்டு வரட்டும்மா, எடம் எங்க போவுது" என்றார் தலைவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி பழையபடி அடுத்தவன் படகில் கடலுக்குப் போகிறான். புது வலை கூரையில் தொங்குகிறது.

போன வாய்தாவுக்குப் பொன்னேரி கோர்ட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவன் குற்றம் சாட்டப்பட்டவன், நான் அரசுத் தரப்புச் சாட்சி. பெட்டி எங்களுடையதுதான், பதிவு உண்மையானதுதான் என்று நான் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிடுவதற்காக வராந்தாவில் காத்திருந்தோம். அவன் டீ வாங்கிவந்து கொடுத்தான்.

"அக்கா, அதுல நான் இன்னா மாதிரி கேக்கறேன்? ஒருக்கா போட்டுக் காட்டேன்."

"காட்டக்கூடாதுடா. ரகசியம்னு முத்திரை வெச்சிட்டாங்க."

அவன் டீயைக் கீழே வைத்தான்.

"எம் மூச்சுதானக்கா?"

உள்ளேயிருந்து முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.