மேனேஜர் மேல் முழு நம்பிக்கை

இன்று காலை தாம்பரம்–வேளச்சேரி பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள் இங்கிலாந்துக் கால்பந்து அணி ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தோத்துகினே கீறானுங்க மச்சான். இந்த மேனேஜரைத் தூக்குனாதான் டீம் உருப்படும்."

"கவலைய வுடு. மேனேஜர் மேல முழு நம்பிக்கை இருக்குன்னு ஓனர் சொல்லிட்டாரு."

"அப்டியா? அப்ப இந்த வாரமே காலி!"

இருவரும் சிரித்தார்கள்.

எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் நானும் ஒரு மேலாளர். குறுக்கிட்டுப் பேசுவது என் வழக்கமன்று, இருந்தும் கேட்டேன்.

"நம்பிக்கை இருக்குன்னு சொன்னப்புறம் எப்படி தம்பி நீக்குவாங்க? விளக்கம் கேக்க வேண்டாமா?"

"சார், இப்டியே தோத்து டாப் லீக்லேர்ந்து கீழ் லீக்குக்கு எறங்கிட்டா டிவி காசு மொத்தமும் பூடும். விளக்கத்த வச்சிகினு இன்னா பண்றது? நெஜமாவே நம்பிக்கை இருந்தா, அத எதுக்கு சார் வாய வுட்டு சொல்லணும்?"

ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்க வேண்டியவன், மேடவாக்கத்தில்தான் சுயநினைவுக்கு வந்தேன்.

எங்கள் கிளையின் விற்பனை சில மாதங்களாகக் குறைந்துவருகிறது. நேற்று இயக்குநர் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, "உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு சார்" என்றார். நான் நன்றி தெரிவித்துவிட்டு நிம்மதியாக உறங்கினேன்.

அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகும் பணியில் நீடிப்பவர் எவரேனும் இருப்பின், பெயர், பதவியுடன் கீழே பின்னூட்டத்தில் தெரிவிக்கவும். சற்று அவசரம்.